பும்ரா, அஸ்வினுக்கு மேலே 932 புள்ளிகளுடன் ஒருவர்: உலகின் நம்பர் 1 பவுலர் ஏன் 27 டெஸ்ட்டோடு நின்றார்?

2024-25 பார்டர் - கவாஸ்கர் தொடரில் ஜஸ்பிரித் பும்ரா 32 விக்கெட் எடுத்தபோது, ஐசிசி டெஸ்ட் தரவரிசையில் அவருடைய புள்ளிகள் 900-ஐத் தாண்டின. நம்ம அஸ்வின் வைத்திருந்த 904 என்ற இந்திய சாதனையையும் அவர் முந்தினார். அன்றைக்கு நிறைய பேர் கூகுளில் தேடிய கேள்வி, ‘ஆல் டைம் பட்டியலில் முதலிடம் யாருக்கு?’ என்பதுதான்.

பதில்: சிட்னி பார்ன்ஸ், இங்கிலாந்து, 932 புள்ளிகள். எட்டிய ஆண்டு 1914.

தரவரிசை முறையே 1987-ல்தான் வந்தது. அந்தக் கணக்கைப் பழைய போட்டிகளுக்கும் போட்டுப் பார்த்தபோது மேலே வந்து உட்கார்ந்த பெயர் இது. இம்ரான் கான், முரளிதரன், மெக்ராத் என எல்லோரும் இவருக்குக் கீழேதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘சிட் பார்ன்ஸ்’ என்று தேடினால் வேறொருவர் வருவார். 1946-ல் சிட்னியில் பிராட்மேனோடு சேர்ந்து, ஆளுக்கு 234 ரன் அடித்த ஆஸ்திரேலிய ஓப்பனர் அவர். நம்ம ஆள் அவர் இல்லை. இவர் சிட்னி ஃபிரான்சிஸ் பார்ன்ஸ், 1873-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பிறந்தவர்.

அவருடைய டெஸ்ட் கணக்கு இது: 27 போட்டிகள், 189 விக்கெட், சராசரி 16.43. வகுத்துப் பார்த்தால் ஒரு டெஸ்ட்டுக்குச் சரியாக 7 விக்கெட். ஐந்து விக்கெட் அறுவடை 24 முறை. அதாவது கிட்டத்தட்ட ஆடிய ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஒன்று.

சரி, இப்படிப்பட்டவர் 1901 முதல் 1914 வரையிலான காலத்தில் வெறும் 27 டெஸ்ட் மட்டும் ஏன் ஆடினார்? காயமா? கொஞ்சம். போரா? அது கடைசியில்தான் வந்தது. பெரிய காரணம் வேறு. தன் வேலைக்கு என்ன சம்பளம் என்பதில் அவர் படு கறாரான ஆள்.

ஒரே அணி, இரண்டு வாசல்

அந்தக் காலத்து இங்கிலாந்து கிரிக்கெட் எப்படி இருந்தது என்று தெரியாமல் பார்ன்ஸைப் புரிந்துகொள்ள முடியாது.

வீரர்கள் இரண்டு சாதி. ‘அமெச்சூர்’ என்றால் வசதியான குடும்பத்துக் கனவான்கள். ‘விளையாட்டுக்காகவே விளையாடுபவர்கள்’ என்று அதற்கு விளக்கம். ‘புரொஃபஷனல்’ என்றால் கூலிக்கு ஆடுபவர், பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. ஒரே அணியில் ஆடுவார்கள். ஆனால் உடை மாற்றும் அறை தனி, பல மைதானங்களில் களமிறங்கும் வாசலும் தனி. ஸ்கோர் அட்டையில் பெயரை அச்சடிக்கும் விதத்திலேயே யார் எந்த வகை என்று தெரிந்துவிடும். கேப்டன் பதவி கனவான்களுக்கே. 20-ம் நூற்றாண்டில் ஒரு புரொஃபஷனல் இங்கிலாந்து டெஸ்ட் அணிக்கு கேப்டனாக 1952-ல் லென் ஹட்டன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பிரிவினையே 1962-ல்தான் ஒழிந்தது.

இதில் இருக்கும் வேடிக்கையைப் பாருங்கள். ‘காசுக்கு ஆடாத’ அமெச்சூரான டபிள்யூ.ஜி. கிரேஸுக்கு, 1891-92 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்காகக் கொடுக்கப்பட்ட தொகை 3,000 பவுண்ட். செலவு தனி! அன்றைய எந்த புரொஃபஷனலும் கனவிலும் பார்க்காத பணம் அது. ஆனால் அதன் பெயர் சம்பளம் இல்லை, ‘செலவுத் தொகை’. அதனால் மரியாதை குறையவில்லை.

சம்பளம் என்று வெளிப்படையாகக் கேட்டால் மட்டும்தான் பிரச்சினை. பார்ன்ஸ் வெளிப்படையாகக் கேட்டார்.

சனிக்கிழமை கிரிக்கெட்டின் கணக்கு

இளம் வயதில் வார்விக்‌ஷயர் கவுண்டிக்காகச் சில போட்டிகள் ஆடிப் பார்த்தார். ஒத்துவரவில்லை. 1895-ல் லங்காஷயர் லீக்கில் ரிஷ்டன் என்ற சின்ன ஊர் கிளப்பில் சேர்ந்தார்.

இந்த லீக் என்பது நூற்பாலை நகரங்களின் கிரிக்கெட். ஆலைத் தொழிலாளர்கள் சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு கிளப்பும் காசு கொடுத்து ஒரு புரொஃபஷனலை வைத்துக்கொள்ளும், மற்றவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். நன்றாக ஆடினால் கூட்டத்தில் தொப்பி ஏந்தி வசூல் செய்து, அதையும் அந்த வீரரிடமே கொடுப்பார்கள். ஐபிஎல்லில் வெளிநாட்டு நட்சத்திரத்தை எடுக்கிறார்களே, அதன் கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் கபில் தேவ் இதே லீக்கில் நெல்சன் கிளப்புக்கும், விவியன் ரிச்சர்ட்ஸ் அதே ரிஷ்டனுக்கும் ஆடியிருக்கிறார்கள்.

கவுண்டி என்றால் மூன்று நாள் போட்டிகள், வாரத்துக்கு இரண்டு. பவுலர் என்றால் ஆறு நாளும் முதுகு ஒடியும். குளிர்காலம் வந்தால் வேலை இல்லை, பல கவுண்டிகளில் சம்பளமும் இல்லை. முப்பத்தைந்து வயதில் உடம்பு போனால் அவ்வளவுதான். லீக் என்றால் வாரத்தில் ஒரு நாள் ஆட்டம். மீதி நாட்களில் வேறு உத்தியோகம் பார்க்கலாம். பார்ன்ஸ் ஒரு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் குமாஸ்தாவாகவும் இருந்தார்.

அவர் கணக்குப் போட்டார். கவுண்டியை விட லீக்கே லாபம். பந்து வீசும் கைக்கும் ஆயுசு கூடும்.

2022-ல் நியூஸிலாந்தின் டிரென்ட் போல்ட் தன் நாட்டு வாரியத்தின் ஒப்பந்தத்திலிருந்து விலகி டி20 லீக்குகள் பக்கம் போனபோது ‘இது புது டிரெண்ட்’ என்று எழுதினார்கள். நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டிய ஆள் இருக்கிறார்.

வலைப்பயிற்சியில் கிடைத்த டிக்கெட்

1901. ஆஸ்திரேலியா போக வேண்டிய இங்கிலாந்து அணியின் கேப்டன் ஆர்ச்சி மெக்லாரனுக்கு பவுலர்கள் பற்றாக்குறை. பர்ன்லி கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த பார்ன்ஸை ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு வரச்சொல்லி, வலையில் தனக்கே பந்து வீசச் சொன்னார். பந்து அவர் காலைப் பதம் பார்த்தது. பார்ன்ஸ் மன்னிப்புக் கேட்க, மெக்லாரனோ ‘அதை விடு, நீ என்னோடு ஆஸ்திரேலியா வருகிறாய்’ என்ற தொனியில் பதில் சொன்னதாகக் கதை.

அதுவரை பார்ன்ஸ் ஆடியிருந்த முதல்தரப் போட்டிகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இங்கிலாந்து பத்திரிகைகளுக்குப் பெரிய அதிர்ச்சி. யார்யா இந்த ஆள்?

டிசம்பரில் சிட்னி மைதானத்தில் அறிமுகம் (பெயர்ப் பொருத்தம்!). முதல் இன்னிங்ஸிலேயே 65 ரன்களுக்கு 5 விக்கெட். அடுத்து மெல்போர்னில் 6, 7 என்று மொத்தம் 13 விக்கெட். மூன்றாவது டெஸ்ட்டில் முழங்கால் கைவிட்டது, தொடர் அவருக்கு அதோடு முடிந்தது. இரண்டே டெஸ்ட்டில் 19 விக்கெட்.

அந்தப் பயணத்தில் இன்னொரு கதையும் உண்டு. நடுக்கடலில் புயல், கப்பல் ஆட்டம் காண்கிறது. எல்லோரும் பயந்து போயிருக்க, மெக்லாரன் சொன்னாராம்: மூழ்கினாலும் ஓர் ஆறுதல், அந்த பார்ன்ஸும் நம்மோடு மூழ்குவான்! அவரைத் தேர்ந்தெடுத்தவரே சொன்னது இது. ஆள் அவ்வளவு முசுடு.

பந்தில் அப்படி என்ன இருந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைக்கு இவரைப் போல ஒரு பவுலரைக் காட்டுவது கஷ்டம்.

பார்ன்ஸ் ஆறடிக்கு மேல் உயரம். வேகம், மிதவேகத்துக்குச் சற்று மேலே. அந்த வேகத்தில் வீசுபவர்கள் பொதுவாகப் பந்தை ஸ்விங் செய்வார்கள், அல்லது தையலில் விரலை இழுத்து ‘கட்டர்’ போடுவார்கள். சுழற்பந்து என்றால் மெதுவாக வீச வேண்டும், லெக் பிரேக் என்றால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். இதுதான் பாடம்.

பார்ன்ஸ் மணிக்கட்டைத் திருப்பாமல், நீண்ட விரல்களால் மட்டுமே பந்தைச் சுழற்றினார். அதுவும் இரண்டு பக்கமும்: ஆஃப் பிரேக், லெக் பிரேக். கை வருகிற விதத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதிலும் அவருடைய முத்திரைப் பந்து காற்றில் வலது கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே வளைந்து வரும், தரையில் பட்டதும் வெளியே திரும்பி ஆஃப் ஸ்டம்ப்பைத் தேடும். பேட்ஸ்மேன் லெக் பக்கம் விளையாடத் தயாராகி நிற்க, பந்து எதிர்ப்பக்கம் போயிருக்கும்.

அதை ‘கட்டர்’ என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ‘நான் பந்தைச் சுழற்றுகிறேன்’ என்பார். அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த கூக்ளியை ஏன் முயற்சி செய்யவில்லை என்று கேட்டதற்கு, அது தனக்குத் தேவைப்படவில்லை என்று பதில் சொன்னாராம். தலைக்கனம்தான். ஆனால் பொய் என்று சொல்ல முடியாது.

29 வயதில் காணாமல் போனவர்

1902-ல் ஷெஃபீல்டில் ஒரே ஒரு டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 6 விக்கெட். அத்தோடு அணியிலிருந்து தூக்கப்பட்டார். லங்காஷயர் கவுண்டிக்காக 1902, 1903 என இரண்டு சீசன் முழுசாக ஆடினார், 1903-ல் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது தகராறு. பிடித்தமான நிபந்தனைகள் கிடைக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. திரும்ப லீக்குக்கே போய்விட்டார். ஸ்டாஃபர்ட்ஷயருக்காக, முதல்தர அந்தஸ்து இல்லாத மைனர் கவுண்டி ஆட்டங்களிலும் ஆடினார்.

1902 ஜூலைக்குப் பிறகு அவருடைய அடுத்த டெஸ்ட் 1907 டிசம்பரில்தான். நடுவில் ஐந்தரை வருடம். 29 வயதிலிருந்து 34 வயது வரை, ஒரு பவுலரின் உச்சகாலம். அந்த நேரத்தில் உலகின் சிறந்த பவுலர் சனிக்கிழமைகளில் ஊர் கிளப்புகளுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

நஷ்டம் யாருக்கு? பதிவேடுகளைப் பார்க்கிற நமக்கு என்று சொல்லலாம். பார்ன்ஸுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

திரும்பி வந்ததும் பேட்டிங்கில் ஒரு அதிசயம் செய்தார். 1908 புத்தாண்டு டெஸ்ட், மெல்போர்ன். இலக்கு 282. எட்டாவது விக்கெட் போனபோது ஸ்கோர் 209. கடைசி ஜோடியாக பார்ன்ஸும் ஆர்தர் ஃபீல்டரும் 39 ரன் சேர்த்தார்கள். கடைசி ரன்னுக்கு ஓடியபோது ஹாஸ்லிட் எறிந்த பந்து சரியாக வந்திருந்தால் ‘டை’. அது தவறிப்போக, ஒரு விக்கெட்டில் இங்கிலாந்து வெற்றி. பார்ன்ஸ் 38 நாட் அவுட்.

ஒரு ரன், நான்கு விக்கெட்

1911-12 ஆஸ்திரேலியத் தொடர். கேப்டன் பெல்ஹாம் வார்னர் நோயில் படுத்துவிட, பொறுப்பு ஜானி டக்ளஸிடம் வந்தது. டக்ளஸ் ஒரு அமெச்சூர், அவரும் பவுலர். சிட்னியில் முதல் டெஸ்ட்டில் புதுப்பந்தை பார்ன்ஸிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டார். இங்கிலாந்து 146 ரன்னில் தோற்றது. பார்ன்ஸின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது டெஸ்ட், மெல்போர்ன், 1911 டிசம்பர் 30. புதுப்பந்து இந்த முறை பார்ன்ஸ் கையில். அன்று காலை அவருக்கு உடம்பு சரியில்லை. முதல் ஐந்து ஓவரில் அவர் கொடுத்தது ஒரே ரன். அதற்குள் பார்ட்ஸ்லி, கெல்லவே, கிளெம் ஹில், ஆர்ம்ஸ்ட்ராங் என நாலு பேர் பெவிலியனில். ஆஸ்திரேலியா 11 ரன்னுக்கு 4 விக்கெட். சிறிது நேரத்தில் கணக்கு இப்படி ஆனது: 11 ஓவர், 7 மெய்டன், 6 ரன், 5 விக்கெட்.

ஃபீல்டர்களை இடம் மாற்றி நிறுத்த அவர் நேரம் எடுத்துக்கொள்ள, கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது. பார்ன்ஸ் பந்தைத் தரையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் அடங்கிய பிறகுதான் எடுத்தார்.

இங்கிலாந்து தொடரை 4-1 என்று வென்றது. பார்ன்ஸுக்கு 34 விக்கெட், இடது கை வேகம் ஃபிராங்க் ஃபோஸ்டருக்கு 32.

49-ல் நின்ற கணக்கு

1913-14, தென்னாப்பிரிக்கா. பார்ன்ஸுக்கு வயது 40. அன்றைக்கு அங்கே பிட்ச் என்பது விரிக்கப்பட்ட பாய். சுழன்று எழும்பும் பந்துக்கு அது சொர்க்கம். டர்பனில் 10 விக்கெட். ஜோஹன்னஸ்பர்க்கில் 8, 9 என்று ஒரே டெஸ்ட்டில் 17. டெஸ்ட் வரலாற்றில் அதைத் தாண்டியது ஒரே ஒருவர்தான்: 1956-ல் 19 எடுத்த ஜிம் லேக்கர். மூன்றாவது டெஸ்ட்டில் 8. நான்காவதில் 14.

நாலு டெஸ்ட், 49 விக்கெட், சராசரி 10.93. இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி.

அதில் அவர் ஆடவில்லை. காயம் இல்லை, பிரச்சினை பணம். நன்றாக ஆடினால் தருவதாகச் சொன்ன அன்பளிப்பு வந்து சேரவில்லை என்று ஒரு தரப்பு சொல்லும். உடன் வந்திருந்த மனைவி, பிள்ளையின் தங்கும் செலவைத் தர மறுத்தார்கள் என்பது இன்னொரு தரப்பு. எப்படியோ, கொடுத்த வாக்கு நிறைவேறாததால் ஆடவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்து அவர் இல்லாமலே பத்து விக்கெட்டில் வென்றது. அதே வருடம் உலகப்போர். டர்பன் டெஸ்ட்தான் அவருடைய கடைசி டெஸ்ட் என்று ஆகிவிட்டது.

ஒரு தொடரில் 49 விக்கெட் என்ற சாதனை இன்றுவரை அப்படியே நிற்கிறது. லேக்கர் ஐந்து டெஸ்ட்டிலும் ஆடி 46 வரை வந்தார். ஐந்தாவது டெஸ்ட் ஆடியிருந்தால் பார்ன்ஸ் 55, 60 என்று போயிருப்பாரா? போயிருக்கலாம். இதை ‘சின்னக் காசுக்காக சரித்திரத்தை விட்டவர்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சரித்திரத்தை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாக்குக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. அதை ஏனோ குறைவாகவே பேசுகிறார்கள்.

அப்போ, இவர்தான் ‘கோட்’டா?

கொஞ்சம் பொறுங்கள். எண்களைப் பிரித்தும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 20 டெஸ்ட்டில் 106 விக்கெட், சராசரி 21.58. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 7 டெஸ்ட்டில் 83 விக்கெட், சராசரி 9.85. அன்றைக்கு டெஸ்ட் ஆடிய நாடுகளே மூன்றுதான். ஹெர்பி டெய்லர் ஒருவரைத் தவிர, தென்னாப்பிரிக்க பேட்டிங் பலவீனம். (அந்த 1913-14 தொடரில் டெய்லர் 508 ரன் எடுத்தார். எதிரில் பார்ன்ஸ் இருந்தும்!) மழையில் நனையும் திறந்த பிட்ச்சுகள் வேறு. 932 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு போய் பும்ராவோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 106 விக்கெட்டில் பெரும்பகுதி ஆஸ்திரேலிய மண்ணில் எடுத்தது. அங்கே நல்ல பேட்டிங் பிட்ச், எதிரில் டிரம்பர், ஹில் போன்றவர்கள். என்னைக் கேட்டால், 17 விக்கெட் எடுத்த ஜோஹன்னஸ்பர்க்கை விட, ஐந்து விக்கெட் எடுத்த அந்த மெல்போர்ன் காலைதான் பெரியது.

இன்னொன்று. அவர் சிரமமான மனிதர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேட்ச் விட்டவரை முறைப்பார். கேப்டன் சொல்வதைக் கேட்க மாட்டார். சக வீரர்களே அவரிடம் பேச யோசிப்பார்கள். ஆனால் அவரை ‘பணத்தாசை பிடித்தவர்’ என்று எழுதியவர்களில் பலர், கிரிக்கெட்டை நம்பிப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள்.

55 வயதில் 12 விக்கெட்

லீக்கைத் தேர்ந்தெடுத்ததால் கை பிழைத்தது என்றேன் அல்லவா? சால்டேர் கிளப்பில் ஐம்பது வயது வரை. 1928-ல் வெஸ்ட் இண்டீஸ் முதன்முறையாக டெஸ்ட் ஆட இங்கிலாந்து வந்தபோது, லாண்டுட்னோவில் வேல்ஸ் அணிக்காக அவர்களை எதிர்கொண்டார். வயது 55. முதல் இன்னிங்ஸில் 7, இரண்டாவதில் 5. ஸ்டாஃபர்ட்ஷயருக்காக மட்டும் 1,441 விக்கெட், சராசரி 8.15. அந்த அணிக்கு 1935 வரை ஆடினார். அப்போது வயது 62.

எம்சிசி கிளப், 1949-ல் ஓய்வுபெற்ற 26 புரொஃபஷனல்களுக்கு முதன்முறையாக கௌரவ ஆயுள் உறுப்பினர் பதவி கொடுத்தது. அதில் பார்ன்ஸும் ஒருவர். ஒரு காலத்தில் தனி வாசலில் போய்வந்த லார்ட்ஸ் மைதானத்தில், 76 வயதில், மெம்பர்.

அவருக்கு இன்னொரு கைத்தொழிலும் இருந்தது: அழகான கையெழுத்து. முதுமையில் ஸ்டாஃபர்ட்ஷயர் கவுண்டி கவுன்சிலில் சட்ட ஆவணங்களைக் கையால் எழுதும் வேலை பார்த்தார். பந்தைச் சுழற்றிய அதே நீண்ட விரல்கள். 1967 டிசம்பர் 26-ம் தேதி, 94 வயதில் காலமானார். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் டெஸ்ட் தொடங்கும் நாளாக நாம் இன்று அறிந்திருக்கும் பாக்ஸிங் டே அது.